பயத்தோடு தீர்க்கதரிசனப் புத்தகங்களைத் திறக்கிறவர்களுக்கு

வேதாகமத்தின் தீர்க்கதரிசனங்களைத் தேடி வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு பயத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். தூரத்தில் நடக்கும் யுத்தத்தைப் பற்றிய செய்தி, கையில் வந்து சேர்ந்த மருத்துவ அறிக்கை, போன வேலை, உடைந்த குடும்பம். வந்த வேகத்தில் நேரே வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறக்கிறார்கள். முத்திரைகள், எக்காளங்கள், பத்துக் கொம்புள்ள மிருகம் என்று சில அதிகாரங்கள் போனதும், வந்ததைவிட அதிகமாகப் பயந்து புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் சில வருடங்கள் வீணாயின. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தீர்க்கதரிசிகள் பேசியது பெரும்பாலும் பயந்துபோன மனிதர்களிடம். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஆர்வத்தோடு கேட்டவர்களைவிட, இன்று இரவு எப்படித் தூங்குவது என்று தெரியாமல் இருந்தவர்கள் அவர்களிடம் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால், எங்கே தொடங்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

ஏசாயா 7-இல் தொடங்குங்கள்

முதல் நாளில் ஒன்பது வசனங்கள் போதும். காலம் கி.மு. 734 வாக்கில். சீரியாவின் ராஜா ரேத்சீனும், யூதாவிலிருந்து பிரிந்திருந்த வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் ராஜா பெக்காவும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாஸுக்குச் செய்தி வருகிறது. அவனுடைய இருதயமும் ஜனங்களுடைய இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அசைந்தன என்கிறது வேதம். பயத்தை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. மரம் முறியவில்லை, விழவும் இல்லை. நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

கர்த்தர் ஏசாயாவை அனுப்புகிறார். எங்கே போய் ராஜாவைச் சந்திக்க வேண்டும் என்பதுகூடச் சொல்லப்படுகிறது: வண்ணார் துறைக்குப் போகும் வழியில், மேற்குளத்து மதகின் கடைசியில். முற்றுகை வருமுன் நகரத்தின் தண்ணீர் நிலையைப் பார்க்கத்தான் ராஜா அங்கே போயிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். ஏசாயா தம்முடைய மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்கிறார். பயப்படாமல் அமர்ந்திரு என்கிறார். எதிரிகள் இருவரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள்தான் என்கிறார். எரிந்து முடிந்த கட்டை, புகை மட்டும் மிச்சம். கண்ணில் நீர் வரவைக்கும், வீட்டைக் கொளுத்தாது.

ஒன்பதாம் வசனத்தில் நின்று நிதானியுங்கள்: "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்." எபிரெயத்தில் இந்த வாக்கியத்தின் இரண்டு வினைச்சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் என்ற சொல்லும் அந்த வேர்தான். உறுதியான ஒன்றின்மேல் உங்கள் பாரத்தை வைத்தால் நீங்களும் உறுதியாக நிற்பீர்கள், வைக்காவிட்டால் நிற்கமாட்டீர்கள் என்பது அதன் பொருள். விசுவாசம் என்றால் மனதுக்குள் பொங்கி எழும் ஓர் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு வசனம் பெரிய ஆறுதல். எதன்மேல் சாய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. எவ்வளவு பலமாக உணர்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகாஸ் சாயவில்லை. அடையாளம் ஒன்றைக் கேள் என்று கர்த்தரே சொன்னபோது, "நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்" என்று பக்தியாகப் பதில் சொன்னான். பேச்சில் பக்தி இருந்தது. ஆனால் அக்காலத்துப் பேரரசான அசீரியாவின் ராஜாவுக்கோ, நான் உம்முடைய அடியானும் குமாரனுமாயிருக்கிறேன் என்று ஆள் அனுப்பி, ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் காணிக்கையாகக் கொடுத்தான். யாரை உதவிக்கு அழைத்தானோ அந்த ராஜாவே பின்னால் அவனை நெருக்கினானே அல்லாமல் பலப்படுத்தவில்லை என்று 2 நாளாகமம் 28 முடிக்கிறது. பயத்தில் நாம் ஓடிப்போய்ப் பிடிக்கும் கைகள் பல இப்படித்தான் இருக்கின்றன.

மறுபடியும் அதே மதகடிக்கு

அடுத்த நாள் ஏசாயா 36-க்குத் தாவுங்கள். ஏறக்குறைய முப்பது வருடம் கடந்துவிட்டது. கி.மு. 701. ஆகாஸ் கூப்பிட்ட அதே அசீரியா இப்போது எருசலேமை விழுங்க வந்திருக்கிறது. ராஜா சனகெரிபின் அதிகாரி ரப்சாக்கே பெரிய சேனையோடு வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள்: வண்ணார் துறை வழியில், மேல்குளத்துச் சாலகத்தண்டை. தகப்பன் ஆகாஸ் நின்று கேட்ட அதே இடம். இப்போது சிங்காசனத்தில் இருப்பது அவன் மகன் எசேக்கியா.

இந்த ஒற்றுமையை முதன்முதலாகக் கவனித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குமுன் பலமுறை வாசித்தும் கண்ணில் படவில்லை. தீர்க்கதரிசன வாசிப்பில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: இடப்பெயர் வந்தால் தாண்டிப் போகாதீர்கள்; முன்னால் எங்கே வந்தது என்று தேடுங்கள்.

ரப்சாக்கேயின் பேச்சை முழுவதும் வாசியுங்கள். நீங்கள் நம்பியிருக்கிற இந்த நம்பிக்கை என்ன என்று கேட்கிறான். எகிப்து நெரிந்த நாணற்கோல், சாய்கிறவன் கையில் பட்டு உருவிப்போகும் என்கிறான், அது உண்மையும்கூட. கர்த்தர்தான் என்னை அனுப்பினார் என்றும் சொல்கிறான். பயம் நம்மிடம் பேசும்போது முழுப் பொய்யாகப் பேசுவதில்லை. பாதி உண்மையை எடுத்து, அதில் ஒரு பொய்யைச் செருகிப் பேசும். மதிலின்மேல் இருந்தவர்கள் அவனுக்கு ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லவில்லை. ராஜாவின் கட்டளை அப்படி. எல்லாக் குரலுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எசேக்கியாவை மாசற்ற விசுவாச வீரனாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 2 இராஜாக்கள் 18-ஐயும் சேர்த்து வாசித்தால், அவனும் முதலில் தகப்பன் வழியில்தான் போனான் என்று தெரியும். அசீரியா ராஜாவுக்கு 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் கொடுத்தான் (தாலந்து என்பது அக்காலத்து ஒரு பெரிய எடையளவு). ஆலயக் கதவுகளில் பதித்திருந்த தகட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகும் சேனை வந்தது. வேறு வழி எதுவும் மிச்சம் இல்லாதபோதுதான் ஆலயத்துக்குப் போனான். கடைசி நேரத்தில் வந்தவனையும் கர்த்தர் தள்ளவில்லை. தாமதமாகக் கர்த்தரிடம் வருகிறோமே என்று வெட்கப்படுகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள்.

கடிதத்தை விரிக்கும் விதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் உண்டு என்றால், இதைச் செய்யுங்கள். ஏசாயா 37:14. சனகெரிப் அனுப்பிய மிரட்டல் கடிதத்தை எசேக்கியா வாங்குகிறான். வாசிக்கிறான். ஆலயத்துக்குப் போகிறான். அதைக் கர்த்தருக்கு முன்பாக விரிக்கிறான்.

உங்கள் பயம் ஒரு காகிதத்தில் வந்திருந்தால் அந்தக் காகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு கடன், என்ன நோய், யார் சொன்ன சொல் என்று உள்ளபடி. ஒரு மேசையிலோ தரையிலோ விரித்து வையுங்கள். பிறகு எசேக்கியாவின் ஜெபத்தின் போக்கிலேயே ஜெபியுங்கள். அவன் முதலில் கர்த்தர் யார் என்று சொல்கிறான்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் தேவன் அவர் ஒருவரே. பிறகு செவியைச் சாய்த்துக் கேளும், கண்களைத் திறந்து பாரும் என்கிறான். அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் இடம்: அசீரியா ராஜாக்கள் மற்ற தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறான். ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று நடிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு விண்ணப்பம், எங்களை இரட்சியும். அதற்கு ஒரே காரணம், நீரே கர்த்தர் என்று எல்லாரும் அறிய வேண்டும்.

என் தாயாரின் பரிசோதனை முடிவு வந்த இரவில் நான் இப்படிச் செய்தேன். மூன்று பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில் மருத்துவர் பேனாவால் அடிக்கோடிட்ட ஒரு வரி. அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீளமாக ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "இதைப் பாரும்" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை நான் தனியாக வாசித்துக்கொண்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. அன்று இரவு தூங்கினேன்.

எசேக்கியாவின் கதை எப்படி முடிந்தது என்பதை 37-ஆம் அதிகாரத்திலேயே வாசிப்பீர்கள்: ஒரே இரவில் 1,85,000 பேர் விழுந்தார்கள், சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான். அவனுடைய சொந்தக் கல்வெட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகவும் அதில் பெருமை பேசுகிறான். யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததை அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தச் சிற்பங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை.

நம்புவதும் வேலை செய்வதும்

"கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ ஒன்றும் செய்யாதே" என்று யாராவது சொன்னால் சற்று நில்லுங்கள். முற்றுகையை எதிர்பார்த்து எசேக்கியா பாறையைக் குடைந்து நீரூற்றின் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தான். சுமார் 533 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் இன்றும் நடந்து போகலாம். இரண்டு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள், பாறைக்கு அப்பாலிருந்து ஒருவர் குரலை ஒருவர் கேட்டதைச் சுவரில் பொறித்து வைத்தார்கள். 1880-இல் அந்த எழுத்து கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த வேலைகளைப் பற்றி ஏசாயா 22:11 சொல்வதைக் கவனியுங்கள். தண்ணீருக்கு வழி செய்தீர்கள், ஆனாலும் அதைச் செய்தவரை நோக்கவில்லை என்கிறது. குளம் வெட்டியதில் குறை இல்லை. வெட்டும்போது மேலே பார்க்காததுதான் குறை. மருந்து சாப்பிடுங்கள், கடனுக்குத் தவணை பேசுங்கள், வக்கீலைப் பாருங்கள். "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்ற ஏசாயா 30:15, கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. எகிப்தின் குதிரைகளை நம்பித் தெற்கே ஓடத் தயாராக இருந்தவர்களிடம் சொன்ன வார்த்தை அது.

சமாதானம் என்ற சொல்லைப் பற்றி

தமிழில் சமாதானம் என்றால் சண்டை ஓய்வது என்று நினைப்போம். எபிரெயத்தின் சாலோம் அதைவிடப் பெரியது. முழுமை, குறைவின்மை, சுகம், உறவு சரியாக இருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஏசாயா 26:3-இல் "பூரண சமாதானம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் சாலோம் சாலோம் என்று சொல் இரட்டித்து நிற்கிறது. இரட்சிப்பு என்ற சொல்லும் அப்படியே. சேனையிலிருந்தும் பாவத்திலிருந்தும் விடுவிப்பதற்கு ஒரே சொல். ஏசாயா என்ற பெயருக்கே கர்த்தர் இரட்சிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

வசனத்தை அது பிறந்த இடத்தில் வைத்து வாசியுங்கள்

எரேமியா 29:11 எல்லாருக்கும் பிடித்த வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கும் வரி. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. ஒரு வசனத்துக்கு முன்னால் பாருங்கள்: எழுபது வருஷம். கடிதத்தைக் கேட்டவர்களில் வயது வந்தவர்கள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே சாவார்கள். அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்பட்டது.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வேறு விதமாகச் சொன்னான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வருவார்கள். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கூட்டத்துக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? எரேமியா முதலில் சொன்ன பதில் என்னை எப்போதும் தொடுகிறது: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை தீர்க்கதரிசனம் ஆகாது. இரண்டு மாதம் கழித்து அனனியா இறந்தான். எருசலேமோ கி.மு. 586-இல் எரிந்தது.

ஒருவர் உங்களுக்குச் சமாதானம் சொல்லும்போது எரேமியா 6:14-ஐ நினைவில் வையுங்கள்: காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள். உடனடி விடுதலை, எந்த மனந்திரும்புதலும் வேண்டாம், கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவு, அதோடு காணிக்கையும் கொடு என்று பேசுகிறவர்களிடமிருந்து விலகிப் போங்கள். இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்பவில்லை. துன்பத்தில் இருப்பவர்களை இது பாழாக்குகிறது.

எழுபது வருஷம் என்ன ஆயிற்று? கி.மு. 539-இல் பாபிலோன் பெர்சியனாகிய கோரேசிடம் விழுந்தது, யூதர்கள் திரும்ப அனுமதி பெற்றார்கள். அந்த மாற்றத்தின் நாட்களில், பாபிலோனில் சிறையிருந்த யூதரில் ஒருவரான தானியேல் எரேமியாவின் சுருளை வாசித்து, வருஷங்களின் தொகையை அறிந்துகொண்டார். உடனே அவர் செய்ததைத் தானியேல் 9-இல் பாருங்கள். அட்டவணை போடவில்லை. உபவாசம் இருந்து, சாம்பலில் உட்கார்ந்து, எங்கள் பாவத்தை மன்னியும் என்று ஜெபித்தார். தீர்க்கதரிசனத்தைப் புரிந்துகொண்ட மனிதன் எப்படி இருப்பான் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

பாதி வசனத்தில் நின்ற வாசிப்பு

நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை வாங்கி 61-ஆம் அதிகாரத்தை வாசித்ததை லூக்கா 4 சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்திச் சுருளைச் சுருட்டிக் கொடுக்கிறார். ஏசாயாவில் அதே வாக்கியம் தொடர்கிறது: தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும். நிறுத்திய பகுதிவரைதான், இன்று நிறைவேறிற்று என்கிறார். கிறிஸ்தவர்கள் இதிலிருந்து புரிந்துகொள்வது: ஒரே வாக்கியத்தின் பாதி வந்துவிட்டது, பாதி வர வேண்டியிருக்கிறது. மலைத்தொடரைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சிகரங்களும் ஒட்டி நிற்பதுபோல் தெரியும்; இடையில் இருக்கும் பள்ளத்தாக்கு அங்கே போனால்தான் தெரியும். நாம் இருப்பது அந்தப் பள்ளத்தாக்கில்.

அதனால்தான் தேதி குறிப்பவர்களோடு நேரம் செலவிட வேண்டாம் என்கிறேன். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று எதிர்பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவில் காத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அழுதார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்ல, ஏங்கியவர்கள். யுத்தச் செய்திகளைப் பற்றி மத்தேயு 24 சொல்வது, கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்பதே.

விடுதலை வராமல் போனால்

என் தாயார் பிழைக்கவில்லை. ஒன்பது மாதங்கள் இருந்தார். அந்தக் காகிதத்தை விரித்த இரவில் எனக்குக் கிடைத்த சமாதானம் பொய்யா என்று பிறகு நீண்ட நாள் கேட்டுக்கொண்டேன். அதற்குத் தானியேல் 3-இல் இருக்கும் மூன்று வாலிபர்கள்தான் உதவினார்கள். பாபிலோன் ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்ததால், எரிகிற சூளையில் போடப்படுவீர்கள் என்று மிரட்டப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொன்ன அதே மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். சூளை எரிந்துகொண்டிருக்கும்போது சொன்னது அது. முடிவு அவர்களுக்குத் தெரியாது.

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தையும் வாசியுங்கள், மூன்றே அதிகாரம், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். கர்த்தாவே எதுவரைக்கும் என்று புலம்பித் தொடங்குகிறார். தரிசனம் தாமதித்தாலும் காத்திரு என்று பதில் வருகிறது. கடைசியில் அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும், என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன் என்கிறார். பட்டியலில் ஒரு பொருள்கூடத் திரும்பி வரவில்லை. அப்படியும் பாடுகிறார். துக்கத்தில் இருப்பவரிடம் இந்த வசனத்தை நீங்களாகக் கொண்டுபோய்ச் சொல்லாதீர்கள். அவரே அதை வந்தடைய வேண்டும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

நம்பிக்கைக்கு ஒரு சிறு செயல்

எரேமியா 32-இல் பாபிலோன் சேனை நகரத்தைச் சூழ்ந்திருக்கிறது, எரேமியா காவல்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கையில் போய்விட்ட ஊரில் நிலம்! எரேமியா 17 சேக்கல் (அக்காலத்து எடையளவு) வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், கிரயப்பத்திரம் முத்திரை போடப்படுகிறது. அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற வார்த்தைக்காக. அதன்பின் தனியே, நகரம் விழப்போகிறபோது ஏன் நிலம் வாங்கச் சொன்னீர் என்று கர்த்தரிடம் கேட்கவும் செய்கிறார். கீழ்ப்படிந்த பிறகு கேள்வி கேட்பதற்கு இடம் உண்டு.

உங்கள் நிலைமையில் 17 சேக்கல் என்பது என்ன என்று யோசியுங்கள். பேசாமல் இருக்கும் சகோதரனுக்கு ஒரு கடிதமாக இருக்கலாம். நின்றுபோன படிப்புக்கு மறுபடி பெயர் கொடுப்பதாக இருக்கலாம். சிறியதாகவே இருக்கட்டும், ஆனால் உண்மையில் கையை விட்டுப் போகிற ஒன்றாக இருக்கட்டும்.

வாசிக்கும் வரிசை இது: ஏசாயா 7, பிறகு 36, 37, அடுத்து 30, 22, 26, எரேமியா 28, 29, 32, தானியேல் 3, 9, ஆபகூக் முழுவதும், ஏசாயா 61, லூக்கா 4. நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அதன்பின் வாருங்கள். அதன் முதல் அதிகாரத்தில் யோவான் பயந்து செத்தவனைப்போல் விழும்போது, அவர்மேல் வலதுகையை வைத்துச் சொல்லப்படும் முதல் வார்த்தை "பயப்படாதே" என்பதுதான்.